நட்டுக்கு அடியில் இருந்த தோல்

இதை எழுதலாமா என்று பல வருஷம் தயங்கினேன். எட்டாவதோடு படிப்பு நின்றவன் நான். அதைவிட, என் மருமகனின் மரியாதை இதில் இருந்தது. ஆனால் ஜெபக் கூட்டத்தில் இந்தச் சம்பவம் வாய்க்கு வாய் வளர்ந்து, கழன்று ஓட இருந்த சக்கரத்தைத் தேவதூதன் பிடித்துக்கொண்டதாக ஆகிவிட்டது. போன வாரம் பேத்தி, “தாத்தா, தூதன் கையில கிரீஸ் ஒட்டிக்கிச்சா?” என்று கேட்டாள். அதனால் எழுதுகிறேன்.

ஆம்பூரில் தோல் தொழிற்சாலையில் சேரும் முன் நான் மோட்டார் சைக்கிள் பட்டறையில் வேலை செய்தவன். என் மகளுக்கு முதல் கரு தங்கவில்லை. அடுத்தது உண்டானபோது வீட்டில் யாரும் சந்தோஷத்தை வெளியே காட்டவே பயந்தோம். வேலூரில் ஸ்கேன் எடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து மருமகன் அவளை வண்டியில் அழைத்து வந்தார். பின்சக்கரத்தில் கடக் கடக் என்று சத்தம். ஓய்வுநாளில் ஸ்பேனரைத் தொடாதவன் அன்று தொட்டேன்.

செயின் கவரைக் கழற்றினேன். பல்சக்கரத்தைப் பிடிக்கும் நட்டுகளுக்கு அடியில் லாக் வாஷர் இருக்க வேண்டும். மெல்லிய இரும்புத் தகடு அது. அதன் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் காதை மடக்கி நட்டின் தட்டைப் பக்கத்தோடு ஒட்டிவிட்டால் நட்டு தானாகச் சுழலாது. அந்த இடத்தில் இருந்தது தோல்.

“இன்னா மாப்ள இது?”

“நான்தான் போட்டேன் மாமா. செயின் மாத்தும்போது பழைய வாஷர் காது முறிஞ்சிபோச்சி. தோலு நல்லா கவ்விக்கும்னு நெனச்சேன்.”

ஷூ கம்பெனியில் கால் வடிவ அச்சின்மேல் தோலை இழுத்து மடிப்பது அவர் வேலை. எங்கள் பக்கத்தில் கதவு ஆடினாலும் மேசை ஆடினாலும் ஒரு துண்டுத் தோலைத்தான் வெட்டி வைப்போம்.

“வண்டிக்கும் ஷூ மாட்டிட்டாருப்பா,” என்று மகள் சிரித்தாள்.

நட்டை விரலால் தொட்டேன். சுழன்றது. அவள் சிரிப்பு நின்றுவிட்டது. சூட்டிலும் எண்ணெயிலும் தோல் அமுங்கிப்போயிருந்தது. மருமகன் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“நாளைக்கு ஹைவேல லாரிங்க நடுவுல பல்சக்கரம் கழண்டிருந்தா...” என்றார்.

“வெட்டு சுத்தமாத்தான் இருக்குது மாப்ள. எடம்தான் தப்பு. போயி வாஷர் வாங்கியாங்க.”

வாங்கி வந்ததும் நட்டுகளை அவரையே இறுக்கச் சொன்னேன். ஒரு நட்டின் தட்டைப் பக்கம் காதுக்கு நேராக வரவில்லை.

“கொஞ்சம் லூஸ் பண்ணட்டுமா மாமா?”

“கூடாது. நேரா வர்ற வரைக்கும் இன்னும் துளி இறுக்குங்க.”

மழுங்கின உளியால் காதை லேசாகத் தூக்கிக் காட்டினேன். கூர் உளி தகட்டைக் கீறிவிடும், கீறின இடத்தில் முறியும். பிறகு, பிளையரின் பல்லும் தகட்டைக் கீறாமல் இருக்க, அதன் வாய்க்குள் அவர் வெட்டிய அதே தோலை மடித்து வைத்துக் கொடுத்தேன். அவர் நிதானமாக அழுத்தினார். ஷூ முனையில் தோல் படிவதுபோல ஒரே மடிப்பில் தகடு நட்டோடு படிந்தது. மடக்கின காதை நிமிர்த்தித் திரும்ப மடக்கக் கூடாது என்று மட்டும் சொன்னேன்.

கடைசிக் காது மடங்கியதும் மகள் குனிந்து ஒவ்வொரு நட்டையும் தன் விரலால் திருகிப் பார்த்தாள். எதுவும் அசையவில்லை. அதற்குப் பிறகுதான் சாப்பிட வந்தாள்.

மறுநாள் போய்வந்தார்கள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. அவள்தான் கிரீஸைப் பற்றிக் கேட்டவள்.

மருமகனின் மனம் நோகக் கூடாது என்று, இதைச் சொல்லும்போது சபையார் தோலை விட்டுவிட்டார்கள். அந்தக் காலியிடத்தில்தான் தூதன் வந்து நின்றான். எழுதப்போகிறேன் என்றதும் மருமகனே சொன்னார்: “தோலச் சொல்லிடுங்க மாமா. இன்னும் எத்தினி வண்டில போட்டு வெச்சிருக்காங்களோ.”

கர்த்தர் காத்தார். அந்தச் சத்தத்தை எனக்குக் கேட்கவைத்தது அவர்தான். இதை யாரிடமாவது சொல்வீர்களானால் தூதனைச் சேர்க்காதீர்கள், தோலை எடுத்துவிடாதீர்கள். இருக்கிறபடியே சொல்லுங்கள்.