என் உத்தரவை மீற வையும், ஆண்டவரே

அன்பானவர்களே, எழுபது பிள்ளைகள் மண்ணுக்கடியில் கிடக்கிறார்கள், அதற்குக் காரணம் நான்தான் என்று நினைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் மழையில் நடந்திருக்கிறேன். அந்த ஒரு மணி நேரத்தைச் சொல்லத்தான் வந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

பதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் நான் அதிபர். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்தவள். சனி, ஞாயிறுகளில் பதுளை டவுனுக்குப் போய்க் கல்வி முகாமைத்துவத்தில் முதுமாணிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். நல்ல தலைவர் முதலில் காது கொடுப்பார் என்று பரீட்சையில் நாலு பக்கம் எழுதி நல்ல புள்ளியும் வாங்கினேன். திங்கட்கிழமை பாடசாலைக்கு வந்ததும், ஐந்து நிமிடம் பிந்திய ஆசிரியையைப் பிள்ளைகளுக்கு முன்னால் நிறுத்தி வைப்பேன். தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்குப் பிரிப்பார்களே, அந்தப் பெரட்டில் என் அப்பாவைப் பிந்தி வந்ததற்காக எல்லார் முன்னாலும் ஏசித் திருப்பி அனுப்பியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதே பெரட்டைத்தான் நானும் நடத்தினேன். ஊருக்குத்தான் உபதேசம்!

ஆய்வுக்காக, என் தலைமைத்துவம் எப்படி என்று என் ஆசிரியைகள் ஆறு பேருக்கும் வினாக்கொத்து கொடுத்தேன். ஆறிலும் எல்லாக் கேள்விக்கும் "மிக நன்று". எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதைப் பார்த்த விரிவுரையாளர் நேரில் வரச் சொன்னார்.

போன ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை. நாலு நாளாக விடாத மழை. விரிவுரையாளரைப் பார்க்கப் புறப்பட்டு நான் குடையை விரிக்கும்போது இரண்டாம் வகுப்பு ஆசிரியை நிர்மலா ஓடி வந்தார்.

"மெடம், பின்னால மேட்டுலருந்து கலங்கல் தண்ணியா வருதுங்க. புள்ளைங்கள அனுப்பிருவோமா?"

"மழை பேஞ்சா தண்ணி வராம பாலா வரும்?" என்றேன்.

முந்திய வாரம் மழைக்குப் பயந்து பிள்ளைகளை நேரத்தோடு அனுப்பியதற்கு மேலதிகாரி ஒருவரிடம் வாங்கிக் கட்டியிருந்தேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. "நான் வர்ற வரைக்கும் ஒரு புள்ளையும் வகுப்ப விட்டு வெளிய போகக் கூடாது. மீறினா எழுத்துல விளக்கம் கேப்பேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். முன்பு மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் ஆட்களோடு மண்ணுக்குள் போனபோது சாப்பிடாமல் கிடந்து அழுதவள்தான் இப்படிப் பேசினேன்.

பதுளையில் விரிவுரையாளர் வினாக்கொத்துகளை மேசையில் பரப்பினார். "ஆறு பேரும் ஒரே மாதிரி எழுதியிருக்காங்க. இது அபிப்பிராயம் இல்ல மிஸ், பயம்." முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே திரும்பினேன்.

பாதி வழியில் பாதையில் மண் விழுந்து பஸ் நின்றுவிட்டது. எதிரே நடந்து வந்த ஒருவர் என்னை அடையாளம் கண்டு, "டீச்சர், ஸ்கூலுக்குப் பின்னால மேடு எறங்கிருச்சு" என்றார்.

"புள்ளைங்க?"

"தெரியலைங்க."

நிர்மலாவுக்கும் மற்ற ஆசிரியைகளுக்கும் கோல் எடுத்தேன். யாருடைய போனும் வேலை செய்யவில்லை. நடந்தேன். ஓடினேன். செருப்பு அறுந்தது. நான் போட்ட உத்தரவு தலைக்குள் திரும்பத் திரும்பக் கேட்டது. அந்த ஆறு பேரும் என் பேச்சைத் தட்டமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களை அப்படித்தானே பழக்கி வைத்திருந்தேன்.

என் வழக்கமான ஜெபம் என்ன தெரியுமா? "ஆண்டவரே, இவர்களுக்குக் கீழ்ப்படியக் கற்றுக்கொடும்." அன்று பாதையிலேயே முழங்கால் போட்டு வேறு மாதிரிக் கதறினேன். "கர்த்தாவே, யாராவது ஒருத்தர் என் உத்தரவை மீறியிருக்கட்டும். என்னை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தும். என் படிப்பை எடுத்துக்கொள்ளும். பிள்ளைகளை மட்டும் கொடும்."

போய்ப் பார்த்தபோது இரண்டு வகுப்பறைகளின் பின்சுவர் இல்லை. மேசை உயரத்துக்குச் சேறு. சேற்றுக்கு மேலே புத்தகப்பைகள் தெரிந்தன. பையை விட்டுவிட்டு எந்தப் பிள்ளை வீட்டுக்குப் போகும்? என் நம்பிக்கை அந்த இடத்தில் செத்துப்போனது. கையாலேயே மண்ணைத் தோண்டினேன். வாய்க்கு வந்த பெயரையெல்லாம் கூப்பிட்டேன். ஜெபம்கூட வரவில்லை.

"மெடம்! மெடம்!"

எதிர்மேட்டு மாரியம்மன் கோயிலில் இருந்து நிர்மலா இறங்கி ஓடி வந்துகொண்டிருந்தார். கையில் பெயர் கூப்பிடும் வரவு இடாப்பு.

"எழுபது பேரும் கோயில் மண்டபத்துல இருக்காங்க மெடம். ரெண்டு தடவ பேர் கூப்பிட்டுப் பாத்துட்டேன். செவுத்துல வெடிப்பு விட்டுச்சுங்க. பையெல்லாம் வேணாம், ஓடுங்கன்னு சொல்லிட்டேன்." பிறகு குரல் இறங்கியது. "ஒங்க பேச்ச மீறிட்டேன். மன்னிச்சிருங்க மெடம். விளக்கம் எழுதித் தாறேன்."

அவர் நடுங்கியது குளிரில் இல்லை. எழுபது உயிரைக் காப்பாற்றிவிட்டு, அந்தப் பெண் எனக்குப் பயந்து நடுங்கினாள். சேற்றுக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவளும் அழுதாள். மண்டபத்துக்குள் போனபோது பிள்ளைகள் பிஸ்கட் தின்றுகொண்டு சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். வாழ்க்கையில் முதல்தடவையாக நான் "சத்தம் போடாதே" என்று சொல்லவில்லை.

அடுத்த வாரம் விளக்கம் எழுதியது நான்தான். ஆறு ஆசிரியைகளிடமும் மன்னிப்புக் கேட்டு எழுதி, பிள்ளைகளுக்கு முன்னால் நின்று வாசித்தேன். பழைய ஆய்வைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலில் இருந்து தொடங்கினேன். பட்டம் ஒரு வருடம் பிந்தும். பிந்தட்டும். குணம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. இப்போதும் வாயில் சுடுசொல் வந்து நிற்கும். நிர்மலா ஒரு பார்வை பார்ப்பார். விழுங்கிக்கொள்வேன்.

அன்பானவர்களே, நான் கேட்பதற்கு முன்பே ஆண்டவர் நிர்மலாவுக்குத் தைரியம் கொடுத்திருந்தார். உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் இருந்தால், இன்றைக்கே அவர்களுக்காக ஜெபியுங்கள். உங்களை எதிர்த்துப் பேசும் தைரியத்தை அவர்களுக்குக் கேளுங்கள். ஆண்டவர் கொடுப்பார், நம்புங்கள். இப்போது தற்காலிகமாகக் கோயில் மண்டபத்தில்தான் பாடசாலை நடக்கிறது. இன்று காலையும் எழுபது பேரும் வந்திருந்தார்கள். அவருக்கு நன்றி.