மூன்றாம் முறை கை கழுவியபோது

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நுங்கம்பாக்கத்தில் நடந்தது இது. எங்கள் வீடு திருநின்றவூரில். எனக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சூப்பர்வைசர் வேலை. மெஷின் பக்கத்தில் நாள் முழுக்க நிற்பேன். புது இடத்தில் ஐந்து நிமிடம் உட்காரச் சொன்னால் முடியாது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன் என்று என் மனைவி சொல்வாள்.

சிங்கப்பூரில் இருந்து வந்திருந்த என் மைத்துனர் எங்களுக்கு விருந்து கொடுக்க ஆசைப்பட்டார். ஜப்பான், தாய்லாந்து, மலேசியா என்று ஆசியாவின் பாதி நாட்டுச் சாப்பாடும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கிற பெரிய ஓட்டல். வாசலில் கல் விளக்கு, உள்ளே மூங்கில் தடுப்பு, ஜில்லென்று ஏசி. யாரும் உரக்கப் பேசவில்லை. எனக்கு அப்போதே செருப்பைக் கழற்றிவிட்டு வந்திருக்கலாமோ என்று தோன்றிவிட்டது.

என் பதற்றத்துக்கு உண்மையான காரணம் வேறு. என் மகளுக்கு வேர்க்கடலை ஆகாது. மூன்று வயதில் ஒரு கடலை உருண்டையைக் கடித்து, முகம் வீங்கி, மூச்சு இழுத்து, ஆவடி ஆஸ்பத்திரியில் போட்டுப் பிழைக்க வைத்தோம். அடுத்த முறை இதைவிட மோசமாக இருக்கலாம் என்று டாக்டர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அதனால் எங்கே சாப்பிட்டாலும் முதலில் கேட்டுவிடுவது என் வழக்கம்.

அன்றைக்கும் கேட்டேன். ஆனால் எப்படிக் கேட்டேன் என்பதில்தான் என் புத்தி தெரிந்தது. கோட்டு போட்ட பரிமாறுபவர் இங்கிலீஷில் வரவேற்றார். பக்கத்து மேஜைகளிலும் இங்கிலீஷ்தான். அந்த இடத்தில் போய் 'கடலை இருக்கா' என்று கேட்டால், பீச்சில் பொட்டலம் வாங்குகிறவன் மாதிரி இருக்குமே என்று கூச்சமாக இருந்தது. மைத்துனர் வேறு எதிரே உட்கார்ந்திருக்கிறார். ரயிலிலேயே மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த இங்கிலீஷில், இதில் நட்ஸ் எதுவும் உண்டா என்று கேட்டேன். அவர் சிரித்த முகமாக, எங்கள் மேஜைக்குச் சொன்ன எதிலும் நட்ஸ் இல்லை என்று இங்கிலீஷிலேயே சொல்லிவிட்டுப் போனார். நம் இங்கிலீஷும் செல்லுபடியாகிறதே என்று ஒரு அற்ப சந்தோஷம்கூட வந்தது.

ஆனாலும் மனசு அடங்கவில்லை. எழுந்து போய்க் கை கழுவினேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். மறுபடி போனேன். "கொஞ்சம் சும்மா உட்காருங்களேன், தம்பி என்ன நினைப்பான்" என்று மனைவி பல்லைக் கடித்தாள். மூன்றாவது முறை போனபோது, தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா நைனா, மூணாவது தபா வந்துகினே கீறே. ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

அந்தப் பேச்சைக் கேட்டதும் எனக்குப் பாதி படபடப்பு குறைந்தது. பொண்ணுக்கு வேர்க்கடலை ஆகாது, அதுதான் பயம், நட்ஸ் இல்லை என்று சொல்லிவிட்டார்கள், இருந்தாலும் மனசு கேட்கவில்லை என்று மடமடவென்று கொட்டினேன். குச்சியில் குத்தின சிக்கன் வரப்போகிறது என்பதையும் சொன்னேன். அவர் கையில் இருந்த மாப் நின்றது.

"யார் சொன்னது இல்லன்னு? அந்தக் குச்சிக் கோயிக்கு ஊத்தறதே வேர்க்கல்ல அரைச்ச கொயம்புதான். காலீல நாந்தான் தோல் ஊதிக் குட்த்தேன். ஓடு நைனா."

ஓடினேன். வழுக்கும் தரையில் எப்படி விழாமல் போனேன் என்று தெரியவில்லை. தட்டுகள் வந்துவிட்டிருந்தன. மகள் ஒரு குச்சியை எடுத்து, பழுப்பு நிறக் குழம்பில் நன்றாக முக்கி, ஊதி ஊதி வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோயிருந்தாள். தட்டிவிட்டேன். குச்சி பறந்து மைத்துனரின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. கூடமே திரும்பிப் பார்த்தது. மகள் அழ ஆரம்பித்தாள். நாக்கில் பட்டதா, உதட்டில் பட்டதா என்று நான் அவள் வாயைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். படவில்லை.

விஷயம் தெரிந்ததும் பரிமாறுபவர் வெளிறிப்போனார். அப்போதுதான் அவர் வாயில் தமிழ் வந்தது.

"சார், நட்ஸ்னா முந்திரி, பாதாம்னு நெனச்சுட்டேன் சார். கடலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, வேணாம்னு அப்பவே சொல்லியிருப்பேனே."

அவரை எப்படித் திட்டுவது? எங்கள் வீட்டிலும் நட்ஸ் என்றால் முந்திரியும் பாதாமும்தான். கடலை கடலைதான். எந்த ஊர் என்று கேட்டேன். குமணன்சாவடி என்றார், எங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரம். திருநின்றவூர்க்காரனும் குமணன்சாவடிக்காரரும் இங்கிலீஷில் மரியாதையாகப் பேசி, ஒரு குழந்தையை எமன் வாசல் வரை அனுப்பப் பார்த்திருக்கிறோம். எனக்கு அவமானமாக இருந்தது.

மைத்துனர் சட்டையைத் துடைத்துக்கொண்டே பில்லைக் கட்டினார். கிளம்பும்போது அந்த அம்மாவைத் தேடிப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன். அவருக்குக் கூச்சம். "அது கெடக்குது. மொதல்ல கொயந்தைக்கி எதுனா துண்ண குடு, பசியோட கீது" என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பேர் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

சென்ட்ரல் பக்கத்தில் ஒரு சின்ன கடையில் மகளுக்கு இட்லி வாங்கிக் கொடுத்தேன். சட்னியில் வேர்க்கடலை உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார்கள். சாம்பார் மட்டும் ஊற்றச் சொன்னேன்.

இப்போதெல்லாம் எந்த ஓட்டலுக்குப் போனாலும், எவ்வளவு பெரிய இடமாக இருந்தாலும், உட்காருவதற்கு முன்பே "வேர்க்கடலை போடுறீங்களா?" என்று நாலு மேஜைக்குக் கேட்கிற மாதிரி தமிழில் கேட்கிறேன், மகள் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொள்கிறாள், குனியட்டும், குனிவதற்கு அவள் என் பக்கத்தில் இருக்கிறாளே, எனக்கு அது போதும்.