லட்சத்தைத் தொடாமல் நின்ற மீற்றர்

செங்கலடியில் நான் வாகன மின்வேலைக் கடை நடத்திய காலம். ஒரு நாள் காலையில் செட்டிபாளையத்திலிருந்து மலர் என்ற பெண் தொலைபேசியில் அழைத்தார். ஏறாவூரில் பிடவை எடுத்து ஊர் ஊராக விற்பவர்.

"அண்ணன், கார் மீற்றர்ல முள்ளு ஆடுது, நம்பர் ஓடுதில்ல. வீட்டுக்கு வாறீங்களா?"

"காரக் கடைக்கு அனுப்புங்க தங்கச்சி."

"என்ட மனுசன் கொண்டு வரமாட்டார். அதான் வில்லங்கமே!"

அவர் வீட்டுக்குப் போன பிறகுதான் விசயம் விளங்கியது. அந்தப் பழைய ஜப்பான் காரை வாங்கிய அன்று அவருடைய கணவர் சிவம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: "லட்சம் கிலோமீற்றர் வரும் மட்டும் நான் ஓடுறன். மறுகா சாவி உனக்கு." மலர் லைசனும் எடுத்துவிட்டார். ஆனால் மீற்றர் 99986 இல் நின்றுவிட்டது; சாவியும் சிவத்திடமே நின்றுவிட்டது. சிவம் எழும்பி, தேத்தண்ணி குடித்து, பேப்பர் பார்த்து முடிக்கும்வரை பிடவை மூட்டையோடு மலர் வாசலில் காத்து நிற்க வேண்டும்.

டாஷ்போட்டைக் கழற்றி, மீற்றரை வெளியே எடுத்து மேசையில் வைத்தேன். இலக்கங்களைச் சுற்றும் சின்னப் பிளாஸ்ரிக் பற்சில்லில் இரண்டு பல்லு இல்லை. தினக் கணக்கைப் பூச்சியமாக்கும் ட்ரிப் பட்டனைக் கார் ஓடும்போது அமுக்கினால்தான் அந்தப் பல்லுப் போகும்.

"சிவம், கார் ஓடேக்க ட்ரிப் பட்டன அமத்தினீங்களா?"

சிவம் கூரையைப் பார்த்தார். "லட்சம் கிட்ட வருதே, தினம் எவ்வளவு ஓடுது எண்டு பாக்கத்தான்…"

"உடைச்சதும் இவர்தான்!" மலர் சிரித்த சிரிப்பில் என் கையிலிருந்த ஸ்குரூ உருண்டு ஓடிவிட்டது.

என் கடைக் கழிவுப் பெட்டியில் கிடந்த ஒரேயொரு பற்சில்லைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். வேறு எங்கும் தேடினாலும் கிடைக்காது. இலக்கங்கள் குலையாதபடி ஒட்டுநாடா போட்டுவிட்டு அதை மாட்டினேன். இனிச் சோதிக்க வேண்டும். வழமையாக ட்ரில்லில் கேபிள் துண்டைப் பூட்டி மீற்றரைச் சுற்றுவோம். ட்ரில்லை எடுத்ததும் சிவம் பாய்ந்து வந்தார்.

"நில்லுங்க அண்ணன்! மேசையில ஓடினது கணக்கில்ல."

"ஓம், வேணாம்," என்றார் மலரும். "ரோட்டுல ஓடித்தான் வரணும். இல்லாட்டி ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்."

என் தொழிலில் சோதிக்காமல் பூட்டிய மீற்றர் அது ஒன்றுதான். பின் சீற்றில் ஏறி உட்கார்ந்தேன். சிவம் ஓட்ட, மட்டக்களப்புப் பக்கம் புறப்பட்டோம். கடைசி இலக்கம் அசையவில்லை. முன் சீற்றுகளுக்கு இடையில் தலையை நீட்டினேன். குருக்கள்மடம் வரும் முன்னர் ஏழு மெல்ல எட்டிப் பார்த்தது. "வருது, வருது!" என்று மூவரும் ஒன்றாகக் கத்தினோம்.

காத்தான்குடிக்குள் நுழைந்து ஒரு தேத்தண்ணிக் கடையைத் தாண்டும்போது ஐந்து இலக்கமும் ஒன்றாகக் கிறுகிப் பூச்சியமாயின. சிவம் நடுறோட்டிலேயே பிறேக் அடித்தார். பின்னால் வந்த ஓட்டோக்காரர் எட்டிப் பார்த்து, அண்ணனைக் கூப்பிடும் அவ்வூர் முறையில், "என்ன காக்கா, பழுதா?" என்றார்.

"பழுது திருத்தியாச்சு தம்பி!" என்று கத்திய சிவம், காரை ஓரம் கட்டி இறங்கினார். சுற்றி வந்து மலரின் கதவைத் திறந்து, சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தார். முகத்தில் மட்டும் கொஞ்சம் ஏக்கம் இருந்தது.

மலர் நிதானமாகத்தான் ஓட்டினார். இல்லாத பிறேக்கை மிதித்து மிதித்துச் சிவத்துக்குத்தான் கால் நொந்திருக்கும். கல்லடிப் பாலத்தில் ஏறியதும் சிவம் மிதிப்பதை விட்டார். கண்ணாடியை இறக்கி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்ச பாருகா மலர்! வாவி என்ன வடிவாக் கிடக்கு! எத்தனை வருசம் இதால ஓடியிருக்கன், ஒரு நாளும் பாக்கல்லயே."

"நீங்க நல்லாப் பாருங்க," என்றார் மலர். "ரோட்ட நான் பாக்கிறன்."

அதற்குப் பிறகு மீற்றர் பழுது என்று யார் வந்தாலும், ஸ்குரூட்றைவரை எடுக்கும் முன்னர் ஒன்று கேட்பேன்: "இது ஓடுறதுக்கு வீட்டுல ஆரு காத்திருக்காங்க?" இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, நீங்களும் கேட்டுப் பாருங்கள்.