மரியதாஸ் அண்ணையும் அந்தச் சின்னத் தாச்சியும்

மரியதாஸ் அண்ணை போய்விட்டார்... இன்று விடிய ஹொஸ்பிட்டலில். மகள் மெசேஜ் போட்டிருந்தா.

எண்பதுகளின் கடைசியில் லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருந்தவர்களுக்கு அவரை ஞாபகம் இருக்கும். பின்தெருவில் ஒரு சைப்ரஸ்காரரின் ஃபிஷ் அன்ட் சிப்ஸ் கடையில் பொரிக்கிறவர். மன்னார்க்காரர், வேதக்காரர், வாய் ஓயாத மனுஷன்.

அந்தக் கடைக்கு மேலே ஒரு அறையில்தான் நானும் அம்மாவும் இருந்தோம். உடுப்பு, தலைமயிர், சாமிப்படம்... எல்லாம் வினிகர் மணம்.

அண்ணனை ஊரில் ஆமி பிடித்துக்கொண்டு போயிருந்தது. எங்கே வைத்திருக்கிறார்கள் என்று ஒரு தகவலும் இல்லை. அவன் திரும்பி வரவேண்டும் என்று அம்மா வெள்ளி விரதம் பிடித்தா.

குசினி எல்லா அறைக்காரருக்கும் பொது. மற்றவர்கள் இறைச்சி காய்ச்சுகிற அடுப்பு என்று அம்மா வெள்ளியில் அந்தப் பக்கமே போகமாட்டா. பகல் முழுக்கப் பச்சைத்தண்ணி... பின்னேரம் கீழ்க் கடைச் சிப்ஸ் மட்டும்.

"உருளைக்கிழங்கும் உப்பும் தானே பிள்ளை. இதைவிடச் சைவம் என்ன இருக்கு?"

வெள்ளைக்காரருக்கு வெள்ளியென்றால் மீன். கியூ வாசலுக்கு வெளியே நிற்கும். அதில் மீன் வேண்டாமென்று நிற்பது நான் ஒருத்திதான்.

மரியதாஸ் அண்ணை வேலைக்கு வந்த முதல் வெள்ளி...

"மீன் வேண்டாமோ தங்கச்சி?"

"சிப்ஸ் மட்டும் அண்ணை. அம்மா விரதம்."

அள்ளின சிப்ஸை அப்படியே திரும்பக் கொட்டினார். என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இஞ்ச பொரிக்கிறது மாட்டுக் கொழுப்பில. எவ்வளவு காலமா வாங்குறீர்?"

குளிர் தொடங்கினதிலிருந்து என்றேன். ஏன் விரதம் என்று கேட்டார், அண்ணனைப் பற்றிச் சொன்னேன். மனுஷன் சிலுவை போட்டுக்கொண்டார்.

"அம்மாவுக்குச் சொல்லாதையும். அவவின்ர மனம் தாங்காது."

அடுத்த வெள்ளி கடையின் பின்பக்கத்தில் ஒரு சின்னத் தாச்சிச் சட்டி வந்தது. சோள எண்ணெய் விட்டு, அம்மாவுக்கென்று தனியாகப் பொரித்தார். கடை நிறைய சனம் நிற்க இதென்ன கூத்து என்று பொஸ் கத்துவார்... அண்ணை காதிலேயே போடமாட்டார்.

அம்மாவுக்குத்தான் திருப்தியில்லை. "முந்தின சிப்ஸ்தான் ருசி. இந்தப் பொடியன் வந்த பிறகு சப்பெண்டு கிடக்கு."

அதை அவரிடம் சொன்னேன். சிரிக்கப் பார்த்தார்... முடியவில்லை.

வருஷங்கள் போய்த்தான் தகவல் வந்தது. அண்ணனோடு ஆமிக் காம்பில் இருந்த ஒருவர் விடுதலையாகி வந்து, கொழும்பிலிருந்து போன் எடுத்தார். ஆமி பிடித்த அந்தக் குளிர்காலத்திலேயே அண்ணன் முடிந்துவிட்டானாம்.

தாச்சி வருவதற்கு முன்னம். நாங்கள் மாட்டுக் கொழுப்புச் சிப்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த மாதங்களில்...

துக்கம் விசாரிக்க வந்த எல்லாரிடமும் அம்மா ஒரே கேள்விதான் கேட்டா. மரியதாஸ் அண்ணை ஏப்ரனோடு ஓடிவந்தார். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டா.

"நீ சொல்லு தம்பி. ஒரு வெள்ளி தவறவிடேல்லை. சிப்ஸைத் தவிர வேறை ஒண்டும் வாயில வைக்கேல்லை. நான் எங்க பிழை விட்டனான்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"நீங்கள் ஒரு பிழையும் விடேல்லை அம்மா."

அதற்குப் பிறகு அம்மா விரதமும் பிடிக்கவில்லை, சாமிப்படத்துக்கு விளக்கும் வைக்கவில்லை. அந்தக் கேள்வியை மட்டும் விடவில்லை. கடைசியாக ஹொஸ்பிட்டலில் கிடந்தபோதும் கேட்டா.

அம்மாவைத் தகனம் செய்த அன்று மரியதாஸ் அண்ணை வெளியே தனியாக நின்றார்.

"கோயில்ல ஃபாதரிட்டச் சொல்லிப் பார்த்தன் பிள்ளை. அவர் ஐரிஷ்காரர். சிப்ஸில என்ன பாவம் எண்டு என்னையே கேக்கிறார்..."

பிறகு, "அவவுக்குச் சொல்லியிருக்க வேணுமோ?"

இல்லை அண்ணை என்றேன். சொன்னது சரியோ... இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அந்த ஃபாதரைத் தவிர்த்தால், இது எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த கதை. இப்போது நான் தனியாக வைத்திருக்க ஏலாமல் இங்கே எழுதுகிறேன்.

நிம்மதியாகப் படுங்கோ அண்ணை.

அங்கே அம்மாவைக் கண்டால், இருந்து கதையுங்கோ. அண்ணனும் பக்கத்தில் இருப்பான்... அந்தக் கொழுப்புக் கதையை மட்டும் சொல்லிப்போடாதேங்கோ.