உட்காரக் கூடாத ஞாயிறுகள்

மயக்கம் தெளிந்ததும் டாக்டர் முதலில் சொன்னது, உட்காரக் கூடாது என்பதுதான். வயிற்றில் லைப்போசக்‌ஷன் (கொழுப்பை உறிஞ்சி எடுப்பது) செய்து, அந்தக் கொழுப்பை இடுப்பிலும் பிட்டத்திலும் ஏற்றியிருந்தார்கள். அழுத்தம் பட்டால் புதுக் கொழுப்புக்கு ரத்தம் கிடைக்காமல் கரைந்துவிடுமாம்.

எனக்கு நோய் எதுவும் இல்லை. பள்ளி நாட்களிலிருந்தே ‘பலகை’ என்று கேலி செய்யப்பட்ட உடம்பு. குழந்தை பிறந்த பிறகு வயிறு மட்டும் முன்னால் வந்தது. ஆசைப்பட்டேன், செய்துகொண்டேன். கணவருக்கு மட்டும்தான் தெரியும். காக்ஸ் டவுனில் எங்களோடு இருக்கும் அத்தையிடம், அதாவது என் மாமியாரிடம், ஹெர்னியா (குடலிறக்கம்) ஆபரேஷன் என்று சொல்லிவைத்தோம்.

இதே சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வலியைத் தாங்கிவிடலாம். வீக்கம் வடியப் போடும் இறுக்கமான உடைகூடப் பழகிவிடும். குப்புறப் படுத்தபடி, அத்தை மிளகு ரசம் வைத்து எடுத்து வருவதைப் பார்ப்பதுதான் கஷ்டம்.

நடமாட ஆரம்பித்ததும் சர்ச்சுக்குப் போனேன். எல்லோரும் உட்காரும்போது நான் மட்டும் பிரசங்கம் முடியும்வரை முழங்காலில் இருந்தேன். வெளியே வந்ததும் தெரிந்த பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு பக்தியைப் பாராட்டினார்கள். நான் மறுக்கவில்லை. கூசியது.

அடுத்த ஞாயிறு அத்தையும் என் பக்கத்தில் முழங்காலிட்டார். முட்டி தேய்ந்து, படி ஏறவே கைப்பிடி தேடுகிறவர். உட்காரச் சொல்லி அவர் முந்தானையை இழுத்தேன்.

“ஆபரேஷன் பண்ண வயித்தோட நீ முட்டி போடுற. எனக்கு என்ன வந்துச்சு? நீ எழுந்தா நானும் எழுந்துக்குறேன்.”

பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் பாரத்தை ஒரு முட்டியிலிருந்து மறு முட்டிக்கு மாற்றிக்கொண்டே இருந்தார். பிரசங்கம் இப்போதைக்கு முடிகிற மாதிரி இல்லை. நான் பெஞ்சில் உட்கார்ந்தேன், முழுப் பாரத்தோடு. பல்லைக் கடித்துக்கொண்டு அத்தையும் எழுந்து உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்து அவர் முட்டிக்குத் தைலம் தேய்க்கும்போது எல்லாவற்றையும் சொன்னேன். கொழுப்பு, இடுப்பு, பொய், உட்காரக் கூடாத காரணம். அத்தை காலை இழுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். இழுக்கவில்லை.

“உக்காரக் கூடாதுன்னாரே டாக்டரு,” என்றார். “அப்புறம் ஏன்மா உக்காந்தே?”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஏற்றியதில் கொஞ்சம் எப்படியும் கரையும், எவ்வளவு நிற்கும் என்று தெரியச் சில மாதம் ஆகும் என்கிறார் டாக்டர். இப்போது உட்காரலாம். ஆனாலும் ஒவ்வொரு முறையும் நாற்காலி முன்னால் ஒரு கணம் தயங்குகிறேன். அந்த நேரத்தில் என் கண் அத்தையின் முட்டிக்குத்தான் போகிறது.