பூசணிக்காயைப் பார்த்த மிசின்

கன்னத்தில் அப்பிய பவுடர் வியர்வையில் ஊறும்போது வரும் அந்த இனித்த, சற்றே புளித்த வாசனை இன்றைக்கும் எங்கேனும் மூக்கில் பட்டால், பன்னிரண்டு வயதில் நான் தினமும் நின்ற ஒரு கல்லூரி வாசலும், அங்கே சுவரில் பதித்திருந்த கண்ணாடித் திரையும், அதற்குள்ளிருந்து "நன்றி" என்று சொல்லும் பெண்குரலும் ஒன்றாக எழுந்து வருகின்றன.

எங்கள் பக்கத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் ஒன்றில் அம்மா கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்தாள். அப்பா பள்ளிபாளையத்தில் தறி ஓட்டினார். என் பள்ளிக்கூடமும் அந்தக் கல்லூரிச் சாலையிலேயே இருந்ததால், காலையில் அம்மாவோடு வந்து இறங்கி மணியடிக்கும்வரை அந்த வாசலில் இருப்பேன். மாலையில் அவள் வேலை முடியும்வரை அங்கேயே காத்திருப்பேன். எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கற்ற முதல் ஆள் நான். அதனால் அம்மா என்னை என்றைக்கும் பவுடர் பூசாமல் அனுப்பியதில்லை. "படிக்கப் போற புள்ள, மூஞ்சி பளிச்சுனு இருக்கோணும்" என்பாள். கறுத்த கன்னங்களில் அந்த வெள்ளை, சாம்பல் போலத் திட்டுத்திட்டாக நிற்கும். வகுப்பில் என்னைக் "கருப்பி" என்று கூப்பிட்டவர்கள், பவுடர் பூசிய நாட்களிலும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அந்த ஆண்டுதான் வாசலில் முகம் பார்த்து வருகைப்பதிவு செய்யும் "மிசின்" வந்தது. மாணவர் முன்னே போய் நின்றால் திரையில் அவர் முகத்தைச் சுற்றி வெள்ளைக் கட்டம் ஒன்று விழும். ஆளைத் தெரிந்துகொண்டதும் கட்டம் பச்சையாகும். குரல் "நன்றி" சொல்லும். எதிரே, வாசல் வளைவில், புதுக் கட்டடத்துக்குக் கண் படக்கூடாதென்று மீசையும் கோரைப்பல்லும் வரைந்த திருஷ்டிப் பூசணிக்காய் ஒன்று தொங்கியது. யாரும் இல்லாத வேளையில் காற்றடித்து அது மெல்லத் திரும்பும்போது, திரையில் அதன் முகத்தைச் சுற்றியும் கட்டம் விழும். நான் பயந்து வாட்ச்மேன் மாமாவின் பின்னால் ஒளிந்துகொள்வேன். முன்பு லாரி ஓட்டியவர் அவர். "பூசணிக்காயும் இஞ்சினீருக்குப் படிக்குது போல சாமி" என்று சிரிப்பார்.

பூசணிக்காயைப் பார்த்த மிசினுக்கு மோசசைத் தெரியவில்லை.

மோசஸ் உகாண்டாவிலிருந்து வந்து படித்த மாணவர். அவருக்கு முன்னும் சில ஆப்பிரிக்க மாணவர்கள் அங்கே படித்துப் போயிருந்தார்கள். அம்மாவிடமும் எதிரிலிருந்த டீக்கடையிலும் கற்ற தமிழில், எங்களைப் போலவே "வாரேனுங்க", "போறேனுங்க" என்று பேசுவார். அவர் திரைமுன் வந்து நிற்பார். பின்னாலிருக்கும் சாலை தெரியும், பேருந்து தெரியும், தொங்கும் பூசணிக்காய்க்குக் கட்டம்கூட விழும். நடுவில் அவர் முகம் இருக்கும் இடத்தில் மட்டும் ஒன்றும் நேராது. கொஞ்சம் குனிவார், நிமிர்வார், பக்கவாட்டில் நகர்வார். பின்னால் வரிசை நீளும். "நீங்க உள்ள போங்க தம்பி, இதுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுங்க" என்று மாமா விட்டுவிடுவார். வகுப்பில் அவர் இருப்பார். பதிவில் இருக்க மாட்டார்.

எங்கள் தெருவில் பேயைப் பற்றிச் சொல்லும்போது, "அதுக்குக் காலு தரையில படாது" என்பார்கள். மிசின் கண்ணில் படாதவர் பேயாக இருப்பாரோ என்று நான் அவர் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். மழை பெய்த காலைகளில் அவர் காலணியின் செம்மண் தடம் சிமெண்டுத் தரையில் பளிச்சென்று விழுந்திருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

ஒரு மாலை, வாசல் வெறிச்சென்று கிடந்தபோது, நானும் மிசின்முன் போய் நின்றேன். அன்று வெயிலில் பவுடர் எல்லாம் வழிந்து போயிருந்தது. திரையில் என் உருவம் மங்கலாக இருந்தது, என் தோளுக்கு மேலே பூசணிக்காய்க்குக் கட்டம் விழுந்தது, எனக்கு விழவில்லை. கையை ஆட்டினேன். சிரித்துப் பார்த்தேன். பிறகு, குனிந்து என் கால்களைப் பார்த்தேன். இரண்டும் தரையில்தான் இருந்தன. ஆனாலும் பல இரவுகள் போர்வைக்குள் கட்டைவிரலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பருவத்தேர்வு நெருங்கியது. வருகை குறைந்தவர்கள் தேர்வெழுத முடியாது என்றார்கள். மோசசுக்குத் தேர்வு போனால் விசாவும் போகும் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அம்மா துடைப்பத்தைச் சுவரோரம் சாத்திவிட்டு அலுவலகத்துக்குப் போனாள். நான் வெளியே நின்று கேட்டேன். "தெனமும் கூட்டறப்ப நானே பாக்கறேனுங்க சார், அந்தத் தம்பி வகுப்புலதானுங்க இருக்குது."

"மிசின்ல இல்லைன்னா வரலைன்னுதாம்மா அர்த்தம். அது ஆளு பாத்து ஓரவஞ்சனை பண்ணுமா? உன் வேலையைப் பாரு" என்றது உள்ளேயிருந்து அதிகாரியின் குரல்.

மிசின் ஏற்காத உள்ளூர்ப் பையன்களும் ஒன்றிரண்டு பேர் இருந்தார்கள், என்னைப் போல் கறுத்தவர்கள். அவர்களுடைய அப்பாக்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து அலுவலகத்தில் குரல் உயர்த்தினார்கள். அன்றைக்கே வருகை சரியானது. மோசசின் அப்பா கடலுக்கு அப்பால் இருந்தார். மோசஸ் எழுதிக்கொடுத்தால், "பாக்கலாம்" என்றார்கள். யாரும் கெட்ட வார்த்தை சொல்லவில்லை, யாரும் கை ஓங்கவில்லை. ஒரு மனிதர் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போய்க்கொண்டிருந்தார்.

அலுவலகத்துக்குப் போய்வந்த மறுநாள், அம்மா சோற்றுப் பையிலிருந்து என் பவுடர் டப்பாவை எடுத்தாள். "தம்பி, இதக் கொஞ்சம் பூசிப் பாருங்க."

"எதுக்குங்க அக்கா?"

"போட்டோ புடிக்கறப்ப நாங்கெல்லாம் பூசறதுதாஞ் சாமி. மூஞ்சி தெளிவா உழுவும்."

அம்மாவுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். பெற்ற மகளுக்குச் செய்வதையே அவருக்கும் செய்தாள். அவர் சிரித்துக்கொண்டே வாங்கிப் பூசினார். சாம்பல் வெள்ளையில் ஒரு முகம் திரைமுன் போய் நின்றது. கட்டம் விழுந்தது. பச்சையானது. "நன்றி" என்றது குரல்.

"இப்பத்தான்டா மனுசனாத் தெரியறான்" என்றான் பின்னால் ஒருவன். சிலர் கைதட்டினார்கள். மோசஸ் அசையவில்லை. பச்சைக் கட்டத்துக்குள் நின்ற அந்த வெள்ளை முகத்தையே, யாரோ தெரியாதவரைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குழாயடிக்குப் போய் நெடுநேரம் முகம் கழுவினார்.

அடுத்த நாள் அம்மா டப்பாவை நீட்டியபோது, அதை அவள் கையிலேயே வைத்து மெல்ல மூடினார். "வேண்டாங்க அக்கா. நேத்து உள்ள வந்தது நான் இல்லீங்க."

அவரைத் தேர்வெழுத விடவில்லை. தேர்வு நடந்த காலையில் எதிர் டீக்கடைப் பலகையில் அமர்ந்து, உள்ளே மணியடிக்கும் போதெல்லாம் தலைநிமிர்ந்து பார்த்தார். மாலையில் பெட்டியோடு வந்து அம்மாவிடம் "வாரேனுங்க" என்று சொல்லி ஈரோட்டுப் பேருந்தில் ஏறினார். எங்கள் ஊரில் போகிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அவர் வரவில்லை.

அதற்குச் சில நாட்கள் கழித்து, காற்றே இல்லாத ஒரு மாலையில், நானும் மாமாவும் மட்டும் இருந்த வாசலில் மிசின் "நன்றி" என்றது. திரும்பினோம். பூசணிக்காயைச் சுற்றிப் பச்சைக் கட்டம். மாமா சிரிக்கவில்லை. "கரண்டு ஏத்த எறக்கமா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, என்னைத் தன்னருகே இழுத்து உட்காரவைத்துக்கொண்டார். மறுநாள் பூசணிக்காயைக் காணோம். யார் அவிழ்த்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

இப்போது அந்த வாசலில் அந்த மிசின் இல்லை, வேறொன்று இருக்கிறதாம். மாமா இல்லை. வெளிநாட்டு மாணவர்கள் வருவதில்லை. எங்கள் வீட்டு அலமாரியிலும் பவுடர் டப்பா இல்லை. அம்மா எப்போது வாங்குவதை நிறுத்தினாள் என்று எனக்கு நினைவில்லை.

போன ஆண்டு நான் பட்டம் வாங்கினேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் படமெடுக்கப் போனபோது, ஸ்டூடியோக்காரர் வழக்கம்போல் பவுடரை நீட்டினார். "வேண்டாங்கண்ணா. காலு ரெண்டும் தெரியற மாதிரி மட்டும் எடுங்க" என்றேன். புதிராகப் பார்த்துவிட்டு எடுத்தார்.

கறுப்பு அங்கி, கறுத்த முகம், தரையில் ஊன்றிய இரண்டு கால்கள். படம் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. பார்க்க வந்த அத்தை, "என்ன கண்ணு, மூஞ்சியே தெரியலயே" என்றாள்.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "எம்புள்ள அங்கதான் நிக்குது" என்றாள். "நீங்க நல்லாப் பாருங்க."