சுளுக்கு இறங்கிய கை

நான் கால் முன்னால் வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் கை பட்டால் சுளுக்கு விட்டுவிடும் என்று நம்பிக்கை. சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் யாருக்குச் சுளுக்கு என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். பதினெட்டு வயதில் எனக்கிருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல.

சுதந்திரம் வந்த மறு வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. என் அண்ணன் நாள் முழுக்க இறைகூடையால் வயலுக்குத் தண்ணீர் இறைத்தான். இறைத்து இறைத்து வலது தோளின் முன்பக்கம் வலி பிடித்துக்கொண்டது. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசினோம், கேட்கவில்லை. கொஞ்ச நாள் கையைச் சும்மா விட்டிருக்கலாம். பயிர் காய்கிறதே என்று அவனுக்குத் தவிப்பு. என் கைராசியைக் காட்ட எனக்கு அவசரம்.

விளக்கெண்ணெய் தடவி, கையைப் பின்னால் வளைத்து ஒரு இழு இழுத்தேன். டப்பென்று சத்தம் கேட்டது. அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டான். புஜத்துச் சதை முழங்கைப் பக்கம் இறங்கி, எலுமிச்சம்பழம் போல உருண்டு நின்றது. நாலைந்து நாளில் தோள்வலி போயே போய்விட்டது. சுளுக்கு கீழே இறங்கிவிட்டது என்று தெரு முழுக்கப் பேச்சு. நானும் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

ஆனால் கைக்குப் பழைய தெம்பு வரவில்லை. கூடையைத் தூக்கிக் கவிழ்க்கும்போது துவண்டது. திருநெல்வேலியில் ஒரு டாக்டரிடம் போனோம். புஜத்துச் சதையைத் தோளோடு கட்டியிருக்கும் நாண் ஒன்று உண்டு, தோள் மூட்டு நழுவாமல் இருக்க அதுவும் ஒத்தாசை செய்கிறது என்றார். அது நைந்துபோய்த்தான் வலித்திருக்கிறது. இப்போது அறுந்துவிட்டது, அதனால்தான் வலி நின்றது. யாராவது கையைப் பிடித்து இழுத்தார்களா என்று கேட்டார்.

"இல்ல சார். இறைக்கையில அதுவா அறுந்துட்டு" என்றான் அண்ணன்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. இழுத்ததைக்கூட அறியாமை என்று மன்னித்துக்கொள்வேன். அன்றைக்கு வாய் மூடி நின்றதுதான் இன்னும் என்னை அரிக்கிறது.

திரும்பும்போது பஸ்ஸில் அழுதேன். "அழாத ஏட்டி. வலி போயிட்டுல்லா" என்றான். அந்த வருஷமே வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டான்.

அடுத்த மாதம் பனவடலிசத்திரத்திலிருந்து கழுத்துச் சுளுக்கோடு ஒருவர் வந்தார். அவரைத் தெருமுனையிலிருந்து கூட்டிவந்து, "எந் தங்கச்சி கைராசிக்காரி" என்று சொன்னது அண்ணன்தான்.